இருதய உறையில் இறங்கிய ஊசி

இருதயத்தைச் சூழ்ந்து இரு படலங்களாலான உறை ஒன்று உண்டு. அப்படலங்களுக்கிடையே சில தேக்கரண்டியளவு நீர் என்றும் இருக்கும். ஓயாது துடிக்கும் உறுப்பு உராய்ந்து புண்படாமற் காப்பது அந்நீரே. நோயினாலோ காயத்தினாலோ அது பெருகினால், காவலே பகையாகிறது. உறை உடனே விரிந்து கொடுப்பதில்லை. ஆதலின் நீர் இருதயத்தை நெருக்குகிறது. இருதயம் விரிந்து இரத்தத்தை ஏற்க இயலாமற் போகிறது. பல வாரங்களாக மெல்ல ஊறும் நீருக்கு ஒரு லிட்டர் வரையிலுங்கூட உறை இடங்கொடுக்கும். விரைந்து பெருகினாலோ 200 மில்லிலிட்டரே உயிரைக் குடிக்கப் போதும்.

இதனை ஆங்கில வைத்தியர் ரிச்சர்ட் லோயர் 1669-இல் விளக்கினார். மார்பெலும்பைத் துளைத்து நீரை வடிக்கலாம் என்று பாரிஸ் நகரத்து ழான் ரியோலான் அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே எழுதியிருந்தார். 1884-இல் எட்மண்ட் ரோஸ் இந்நிலைக்கு ஜெர்மன் மொழியில் இட்ட பெயர், துணியைத் திணித்து அடைப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, 'இருதய நெருக்கம்' என்பதே அதனினும் பொருத்தமாகப் படுகிறது.

ஊசி முறையின் வரலாறு வியன்னாவில் தொடங்குகிறது. 1840-இல் பிரான்ஸ் ஷூ என்னும் அறுவை வைத்தியர், கூரிய குழலை மார்பினுட் செலுத்தி உறை நீரை வடித்தார். எக்ஸ் கதிர் கண்டறியப்பட்டது 1895-இல் அன்றோ? அங்ஙனமாயின், உள்ளே நீர் இருப்பதை அவர் எவ்வாறு துணிந்தார்? மார்பை விரலால் தட்டி, எழும் ஒலி மங்கலா தெளிவா எனக் கேட்டறியும் கலையில் வியன்னா அந்நாளிற் சிறந்திருந்தது. யோசப் ஸ்கோடா அக்கலைபற்றி 1839-இல் நூலே இயற்றியிருந்தார். காதை நம்பிக் கையை நீட்டிய துணிவு அது. ஊசி சற்றே பிசகினும் இருதயத் தசையோ அதன் இரத்தக்குழலோ நுரையீரலோ கிழிபடும்.

1911-இல் பிரான்சின் மார்பான், மார்பெலும்பின் கீழ்நுனிக்கு அடியிலிருந்து ஊசியை மேனோக்கிச் செலுத்தும் வழியைக் கூறினார். எனினும் குருட்டுத்தனம் நீங்கவில்லை. 1965-இல் அமெரிக்காவின் ஹார்வி ஃபைகன்பாம், செவிக்கெட்டாத ஒலியலைகளால் உறை நீரைக் காணலாம் என்று காட்டிய பின்னரே வைத்தியர்க்குக் கண் திறந்தது. இன்று நீர் மிகுந்திருக்கும் இடத்தைத் திரையிற் பார்த்து ஊசியை இறக்குகின்றனர். முதலில் வரும் சிறிதளவு நீரிலேயே நாடி தேறிவிடுவதுண்டு.

நம் நாட்டில் இந்நீர்ப்பெருக்கிற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று காசநோய். அதனால், வடித்த நீர் சோதனைச்சாலைக்குச் செல்கிறது; காசமென்று தெளிந்தால் நோயாளிக்குக் குறைந்தது ஆறு மாத மருந்து தொடங்குகிறது.