கணிப்பொறிக்குள் ஒரு கைகாட்டி

ஒரு ரயில் நிற்கும் தடத்தில் மற்றொன்று நுழைந்து மோதிவிடாமல் காப்பது கைகாட்டி. இதன் ஆங்கிலப் பெயரான 'செமபோர்' என்பதையே கணிப்பொறி இயலுக்குக் கொண்டுவந்தவர் டைக்ஸ்ட்ரா. நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் பேராசிரியராக இருந்த அவர், 1965-இல் எழுதிய கட்டுரையில் இம்முறையை விளக்கினார்.

முறை எளியது. பொதுப்பொருளை எடுப்பவர் ஓர் எண்ணில் ஒன்றைக் குறைக்க வேண்டும். திருப்பித் தருபவர் ஒன்றைக் கூட்ட வேண்டும். எண் சுழியானால் அடுத்தவர் காத்திருக்க வேண்டும்.

இன்றைய தரவுத்தளங்களுக்கும் இதுவே காவல். ஒரு நிரலின் பல இழைகள் ஒரே இணைப்பில் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டால் விடைகள் குழம்பிவிடும். இழைக்கோர் இணைப்பு கொடுக்கலாமே என்பீர்கள். 'போஸ்ட்கிரஸ்' தரவுத்தளத்தில் வழக்கமான உச்சவரம்பே 100 இணைப்புகள்தாம். ஒவ்வொன்றும் நினைவகத்தில் இடம் பிடிக்கும். ஆகவே பத்து இணைப்புகளை முன்னதாகவே திறந்து பொதுவில் வைத்து, கைகாட்டியின் எண்ணையும் பத்தாக வைக்கிறார்கள். பத்து இணைப்புகளைக் கொண்டு நூறு இழைகள் முறைவைத்து வேலையை முடித்துக்கொள்கின்றன.

ஆனால், எடுத்ததைத் திருப்பித் தர இழைகள் மறந்தால் எண் குறைந்துகொண்டே போய்ச் சுழியாகும். பிறகு எல்லா இழைகளும் காத்தே கிடக்கும். கைகாட்டி இறங்க, முன்சென்ற வண்டி தடத்தை விட்டு நீங்கியாக வேண்டுமல்லவா?