திருகாணியின் 55 பாகை

ஒரு பட்டறையில் கடைந்த திருகாணி அடுத்த பட்டறையின் நட்டில் ஏறாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் நிலை இதுவே. ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளின் திருகாணிகளைச் சேகரித்து அளந்தார். அவற்றின் சராசரியையொட்டி, மரையின் இரு சரிவுகளுக்கிடையே 55 பாகை என 1841இல் முன்மொழிந்தார். தம் அளவே சிறந்ததென்று வாதிடாமல், பிறர் வழக்கத்திலிருந்தே பொதுவிதியைக் கண்டெடுத்த அப்பண்பை நாம் வியக்கிறோம்.

அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் வேறு வழி சென்றார். விட்வொர்த்தின் வளைந்த முகட்டைக் கடைவது கடினம். 60 பாகையும் தட்டை முகடும் எளிது என்றார். அரை அங்குலத் திருகாணியில் அங்குலத்துக்கு விட்வொர்த்தின் மரைகள் 12; செல்லர்ஸின் மரைகள் 13. இந்த வேற்றுமையின் விலையை இரண்டாம் உலகப்போரில் நேச நாடுகள் கொடுத்தன. ஒருவர் எந்திரத்துக்கு மற்றவர் திருகாணி பொருந்தவில்லை. 1948இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் 60 பாகைக்கு உடன்பட்டன.

ஆயினும் விட்வொர்த் மறைந்துவிடவில்லை. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயின் மரை இன்றும் பொதுவாக 55 பாகைதான். எந்திரத்தை மாற்றிவிடலாம்; சுவருக்குள் புதைத்த குழாயை மாற்றுவது எளிதன்று.