மனசுக்கு வயசாகுமா?



விலங்கியல் லேபில் தவளையின் இதயத் துடிப்பை எண்ணி ரெக்கார்டு நோட்டில் எழுதிய நாட்கள் நினைவிருக்கிறதா? "சார், மனுஷனுக்குக் கோபம் வந்தா இதே மாதிரி எண்ணலாமா?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. வகுப்பே சிரித்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு.

1872-ல் டார்வின், மனிதர்களும் விலங்குகளும் உணர்ச்சியை வெளிக்காட்டும் விதம் பற்றி ஒரு நூலே எழுதினார். 1884-ல் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் விஷயத்தைத் தலைகீழாக்கினார். பயத்தால் உடம்பு நடுங்கவில்லை, அந்த நடுக்கத்தை உணர்வதுதான் பயம் என்றார். 1927-ல் வால்டர் கேனன் மறுத்தார். கோபமோ பயமோ, உள்ளுறுப்புகளில் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதானே, பிறகு எப்படி வேறுபடுத்துவது என்பது அவர் கேள்வி.

1983-ல் பால் எக்மன், ராபர்ட் லெவன்சன், வாலஸ் ஃப்ரீசன் மூவரும் 16 பேரை உட்காரவைத்து, முகத் தசைகளை ஒவ்வொன்றாக அசைக்கச் சொன்னார்கள். கோபம், பயம் இரண்டிலும் இதயத் துடிப்பு ஏறியது. கோபத்தில் மட்டும் விரல் நுனி கூடுதலாகச் சூடானது. இது எல்லோருக்கும் பொருந்துமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

1991-ல் 71 முதல் 83 வயது வரை உள்ளவர்களிடம் இதே சோதனை நடந்தது. மாற்றங்களின் வரிசை இளைஞர்களைப் போலவே இருந்தது, அளவுதான் குறைவு.

அப்படியானால் வயதானால் மனசு மரத்துப்போகுமா? இல்லை. லெவன்சன், லாரா கார்ஸ்டன்சன், ஜான் காட்மன் ஆகியோர் 156 தம்பதிகளைத் தங்களுக்குள் தீராத ஒரு பிரச்சினையைப் பேசவிட்டு, முகபாவத்தையும் இதயத் துடிப்பையும் பதிவு செய்தார்கள். நாற்பதுகளில் இருந்தவர்களைவிட அறுபதைத் தாண்டிய ஜோடிகள் சண்டைக்கு நடுவிலும் அதிகப் பாசம் காட்டினார்கள். காலம் குறைவு என்று தெரிந்தவர்கள் வேண்டியவர்களையே தேடுகிறார்கள் என்பது கார்ஸ்டன்சனின் விளக்கம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். விடுதியில் மெஸ் பில் தகராறில் அறைத் தோழனோடு பேச்சை நிறுத்தினேன். முப்பது வருஷம் ஓடிவிட்டது. யார் பக்கம் நியாயம் என்பதுகூட மறந்துபோச்சு. இந்தச் சந்திப்புக்கு அவனும் வருகிறானாம். இந்த முறை நானே முதலில் போய்ப் பேசப் போகிறேன்.

தம்பி தங்கைகளே, நீங்கள் முப்பது வருஷம் காத்திருக்க வேண்டாம்.

— விலங்கியல் துறையின் பழைய மாணவன்