ராத்திரி மணி அடிச்ச சத்திரம்

நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க நாவலூர் ரோட்டோரமா ஒரு சுமைதாங்கி இருந்துச்சு. ரெண்டு கல்லை நட்டு, மேல ஒரு கல்லைப் படுக்க வச்சிருப்பாங்க. தலைச்சுமையோட வர்றவங்க, பக்கத்துல ஆள் இல்லாட்டியும் இறக்கி வச்சுட்டு மூச்சு வாங்கலாம். பிள்ளையைச் சுமந்தபடியே செத்துப்போன பொண்ணுங்க நினைவா இதை வைக்கிறது வழக்கம். ரோட்டை அகலப்படுத்தினப்ப அது போயிடுச்சு.

போன வருஷம் விதைநெல் வாங்க தஞ்சாவூர்ப் பக்கம் போனேன். ஒரத்தநாட்டுல முத்தாம்பாள் சத்திரத்தைப் பார்த்ததும் அந்தக் கல்லுதான் ஞாபகம் வந்துச்சு. இதுவும் ஒரு பெண்ணோட நினைவுதான். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, தன் அன்புக்குரிய முத்தாம்பாள் பேர்ல 1802-ல கட்டினது. தன் பேர்ல ஒரு அன்னசத்திரம் வேணும்னு சாகும்போது அவங்க கேட்டதா சொல்வாங்க.

செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கட்டடம். உள்ளே முற்றங்கள், மாடியில வேலைப்பாடு செஞ்ச மரத்தூண்கள். ஒரு பக்கத்தை மட்டும் தேர் மாதிரி அமைச்சு, குதிரையும் யானையும் இழுக்கிற மாதிரி செஞ்சிருக்காங்க. ராமேஸ்வரத்துக்கு நடந்தே போனவங்க தங்கின இடத்துக்குத் தேர்! அரண்மனைக்குச் செய்ற வேலையை வழிப்போக்கனுக்குச் செஞ்சிருக்காங்க.

1799-ல ராஜ்யம் கம்பெனி கைக்குப் போயிடுச்சு. அப்பவும் சத்திரங்களை மட்டும் விட்டுடக் கூடாதுன்னு 1801-ல ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு சரபோஜி ஒரு கடிதம் எழுதினார். அந்த வழியில இருந்த சத்திரங்கள் எப்படி நடக்குதுன்னு அதுல விவரமா சொல்லியிருக்கார். எந்தச் சாதியா இருந்தாலும் சோறு உண்டு. சமைச்சதைச் சாப்பிடாதவங்களுக்கு அரிசியும் சாமானும். நோயாளிக்கு மருந்து. நடுராத்திரியில ஒரு மணி அடிப்பாங்களாம், இன்னும் சாப்பிடாதவங்க வந்து சாப்பிடுங்கன்னு.

இப்ப எங்க ஊர் ரோட்டுல மணி பன்னெண்டானாலும் சாப்பாடு போய்க்கிட்டேதான் இருக்கு. அதைக் கொண்டுபோற பசங்க பைக் மேலயே உட்கார்ந்துதான் கண் அசர்றாங்க.

எங்க வீட்டை மராமத்து பண்றோம். திண்ணையை இடிச்சா கார் நிறுத்தலாம்னு கொத்தனார் சொன்னார். எனக்கும் ஆசைதான். ஊருக்குத் திரும்பி வந்ததும், திண்ணை இருக்கட்டும், பக்கத்துல ஒரு குடிதண்ணிக் குழாய் மட்டும் போடுங்கன்னுட்டேன்.