துரைமாரின் மீனும் தாத்தாவின் அப்பாவும்

போன ஏப்ரல் லீவுக்குக் குடும்பத்தோடு ஹோர்ட்டன் சமவெளிக்குப் போயிருந்தோம். தாத்தாவால் அதிக தூரம் நடக்க முடியாது. அதனால் பெலிஹுல் ஓயாவின் கரையோடு நின்றுவிட்டோம். கண்ணாடி மாதிரித் தண்ணீர். தாத்தா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுலதான் தொர மீன் இருக்கு. எங்கப்பா சின்னப் பையனா இருக்கையில தொர வீட்டு ஆளுங்களுக்குக் கூடை தூக்கிட்டு இங்கெல்லாம் வந்திருக்காரு."

தாத்தா சொன்ன 'துரை மீன்' ட்ரவுட். அது நம் நாட்டு மீனே இல்லை. குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த தண்ணீர் இல்லாவிட்டால் அது உயிர் வாழாது. அப்படியென்றால் நுவரெலியாவுக்கு எப்படி வந்தது?

முட்டையாகத்தான் வந்தது. 1864இல் ட்ரவுட் முட்டைகளை ஐஸுக்கு நடுவில், ஈரப்பாசி நிரப்பிய பெட்டிகளில் அடுக்கி, சுமார் மூன்று மாதக் கடற்பயணத்தில் இங்கிலாந்திலிருந்து தாஸ்மேனியாவரை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு பிரித்தானியர் குடியேறிய குளிர்மலைகளுக்கெல்லாம் ட்ரவுட்டும் பின்னாலேயே போனது. 1869இல் சூயெஸ் கால்வாய் திறந்ததும் இலங்கைக்கான வழியும் குறுகிவிட்டது. 1880களில் நுவரெலியா ஓடைகளுக்கு முதலில் 'பிரவுன்' ட்ரவுட் வந்தது. அது நிலைக்கவில்லை. பின்னால் வந்த 'ரெயின்போ' ட்ரவுட்தான் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் குஞ்சு பொரித்துப் பெருகியது. 1896இல் சிலோன் ஃபிஷிங் க்ளப் உருவானது.

அந்தக் காலத்தை யோசித்துப் பாருங்கள். இலைநோயால் கோப்பி அழிந்து, துரைமார் கடனில் மூழ்கி, தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். அந்த நேரத்தில் மீன் எதற்கு? சாப்பாட்டுக்கு இல்லை. 1848இல் சாமுவேல் பேக்கர் கலப்பையும் மாடும் ஆடும் கொண்டுவந்து நுவரெலியாவில் ஒரு இங்கிலாந்துக் கிராமத்தையே அமைக்கப் பார்த்தார். அதே ஆசையின் தொடர்ச்சிதான் ட்ரவுட். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பப்படுவார்கள். அதுவரை துரையும் துரைசாணியும் பிள்ளைகளும் ஒன்றாக ஓடைக்குப் போய், மதியச் சாப்பாட்டுக் கூடையோடு ஒரு நாளைக் கழிப்பது 'ஊரில் இருக்கிற' உணர்வைத் தந்திருக்கும்.

இந்தத் தூண்டில் முறையும் அவர்கள் ஊரிலிருந்து வந்ததுதான். புழு கோர்ப்பதில்லை. சின்ன முள்ளில் இறகும் நூலும் கட்டி ஒரு ஈ மாதிரிச் செய்வார்கள். நீளக் கம்பை முன்னும் பின்னும் வீசி, நிஜப் பூச்சி விழுந்தது போல அதைத் தண்ணீர்மேல் மெதுவாக இறக்க வேண்டும். ஏமாந்தால் மீன் கவ்வும். பிள்ளைகள் அப்பாவிடமிருந்து கற்றுக்கொள்கிற வித்தை அது. ஆனால் மீன்கூடை, சாப்பாட்டுக்கூடை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனது யார்? அங்கேதான் தாத்தாவின் அப்பா வருகிறார்.

மீன் முட்டை ஐஸில் வந்தது என்று படித்தபோது எனக்கு வேறொரு பயணம்தான் ஞாபகம் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். ஒரு முட்டையும் கெட்டுவிடக் கூடாது என்று பாசி அடுக்கத் தெரிந்த ஆட்சிக்கு, நடந்து வருகிறவர்களைச் சாகாமல் கொண்டுவந்து சேர்ப்பது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை.

வந்து சேர்ந்த பிறகும் 'துண்டு' இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் துரை எழுதிக் கொடுக்கிற துண்டு வேண்டும். கடனை அடைக்காதவருக்கு அது கிடைக்காது. 1921இல்தான் அந்த முறை ஒழிந்தது. ஓடையில் நீந்தும் மீனைப் பார்த்து நம் ஆட்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்தால் மனசு கனக்கிறது.

இதில் மீன்மேல் ஒரு கோபமும் இல்லை. அதையும் கேட்டா கொண்டுவந்தார்கள்? ஆனால் அதனாலும் ஒரு இழப்பு உண்டு. ஹோர்ட்டன் சமவெளியின் குளிர் ஓடைகளில் மட்டும் வாழ்கிற ஒரு சின்ன இறால் இனம் இருக்கிறது. உலகில் வேறெங்கும் அது கிடையாது. ட்ரவுட் அதைத் தின்னுவது ஆய்வாளர்களுக்குப் பெரிய கவலை. ஒரு குடும்பத்தின் பொழுதுபோக்குக்காக விட்ட மீனுக்கு இரையாகிறது இங்கேயே பிறந்த உயிர்.

திரும்பி வரும்போது வேனில் தாத்தாவிடம் கேட்டேன், "அவங்க பிடிச்ச மீன உங்கப்பா சாப்பிட்டிருக்காரா?"

"எங்க? எத்தன பவுண்டுன்னு நிறுத்து, நோட்டுல எழுதிக்குவாங்களாம். தூக்குனவன் பேர யாரு எழுதுறது?"

அந்த நோட்டு இப்போது எங்கே இருக்கிறதோ, தெரியாது. பூட்டன் பேரைத் தாத்தாவிடம் கேட்டு என் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் கூடை தூக்கிய, பங்களாவில் சமைத்த, குதிரை பார்த்த யாராவது இருந்திருப்பார்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்.