கைக்குள் அடங்கும் குட்டி ஆமை, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும்! வீட்டுத் தொட்டிக்கு எந்த ஆமை சரி?

கலர் மீன் வாங்கப் போன இடத்தில் குட்டி ஆமையையும் சேர்த்து வாங்கி வருவது இப்போது சகஜமாகிவிட்டது. பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக, பச்சை நிறத்தில், கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோட்டுடன் நீந்தும் அதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று நம்பி வாங்குபவர்களும் உண்டு. ஆனால் அந்தக் குட்டி எவ்வளவு பெரிதாகும், எத்தனை வருஷம் வாழும் என்று கேட்டு வாங்குபவர்கள் குறைவு. பின்னால் வரும் சிக்கல்கள் பலவும் அங்கேதான் தொடங்குகின்றன.

கடையில் கிடைப்பது எந்த ஆமை?

கொளத்தூர் தொடங்கி ஊர் ஊருக்கு இருக்கும் கலர் மீன் கடைகளில் பெரும்பாலும் விற்கப்படுவது 'ரெட் இயர்டு ஸ்லைடர்' எனும் சிவப்புக் காது ஆமை. இதன் சொந்த ஊர் தெற்கு அமெரிக்க மாகாணங்களும் வடக்கு மெக்சிகோவும். குட்டியாக இருக்கும்போது 3 செ.மீ. இருக்கும் இது, வளர்ந்தபின் பெண் என்றால் 25 முதல் 30 செ.மீ. வரை போகும். ஆண் சற்றுச் சிறியது. குட்டியில் ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்கவும் முடியாது. நன்றாகப் பராமரித்தால் 20 முதல் 40 ஆண்டுகள் வரை வாழும்.

"சின்னத் தொட்டியில் வைத்தால் ஆமையும் சின்னதாகவே இருக்கும்" என்று சொல்வதை நம்ப வேண்டாம். இடமும் உணவும் சரியில்லாத ஆமை சின்னதாக இருக்காது, நோயாளியாகத்தான் இருக்கும்.

தொட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும்?

ஆமை வளர்ப்பவர்கள் பொதுவாகப் பின்பற்றும் கணக்கு ஒன்று உண்டு. ஓட்டின் நீளம் ஒவ்வொரு இன்ச்சுக்கும் சுமார் 38 லிட்டர் தண்ணீர். அந்தக் கணக்கில் 10 இன்ச் வளர்ந்த ஸ்லைடருக்கு 380 லிட்டர் தேவை. தண்ணீரின் எடை மட்டுமே 380 கிலோ. அபார்ட்மென்ட் ஹாலில் இது நடக்கிற காரியமா என்று முதலில் யோசிக்க வேண்டும்.

அப்படியென்றால் வீட்டுக்கு ஏற்றது எது?

மஸ்க் ஆமை: வீட்டுத் தொட்டி அளவுக்கு உண்மையிலேயே பொருந்துவது இதுதான். வட அமெரிக்காவைச் சேர்ந்த சாதாரண மஸ்க் ஆமை, முழுதாக வளர்ந்தாலும் 8 முதல் 13 செ.மீ. தான். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டி போதும். இது நீந்துவதைவிடத் தரையில் நடப்பதையே விரும்பும். அதனால் ஏறி மூச்சுவிட வசதியாகக் கல், மரக்கட்டை போட வேண்டும். பயந்தால் நாற்றம் அடிக்கும் திரவத்தை வெளியேற்றும். கழுத்தை நீட்டிக் கடிக்கவும் செய்யும். பார்த்து ரசிக்கத்தான் இது, கையில் எடுத்துக் கொஞ்ச அல்ல.

மட் ஆமை: மஸ்க் ஆமையின் நெருங்கிய சொந்தம். கிழக்கு மட் ஆமை 7 முதல் 12 செ.மீ. வரை வளரும். பராமரிப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

மேப் ஆமை: ஓட்டில் வரைபடம் போன்ற கோடுகளுடன் அழகாக இருக்கும். ஆண் சிறியது. ஆனால் பெண் அதைப்போல இரு மடங்கு வளரும். குட்டியாக வாங்குவது லாட்டரி மாதிரிதான். தண்ணீர் எப்போதும் சுத்தமாக இருக்க வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. வளர்க்க முடியாமல் வேறு யாராவது கொடுக்க நினைக்கும் பெரிய ஆண் ஸ்லைடரை வாங்கிக்கொள்வது. அது ஆண் என்பதும், எவ்வளவு பெரிது என்பதும் கண்ணெதிரே தெரியும்.

ஏரியில் கிடைக்கும் நாட்டு ஆமையை வளர்க்கலாமா?

கூடவே கூடாது. நம் ஏரி, குளங்களில் காணப்படும் பாலாமையும், நிலத்தில் வாழும் நட்சத்திர ஆமையும் வன உயிரின பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் உள்ளவை. பிடித்தாலோ, வாங்கினாலோ, வீட்டில் வைத்திருந்தாலோ 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். நட்சத்திர ஆமை தண்ணீரில் வாழாது என்பதால் தொட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வெளிநாட்டு ஆமை என்றால் சட்டம் இல்லை என்று நினைக்க வேண்டாம். மஸ்க், மட் ஆமைகள் 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த 'சைட்டிஸ்' மாநாட்டில் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இப்படிப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள், மத்திய அரசின் 2024 விதிகளின்படி 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். எனவே வாங்கும்போதே கடைக்காரரிடம் பில், ஆவணம் கேளுங்கள். "அதெல்லாம் வேண்டாம் சார்" என்று பதில் வந்தால் அந்த ஆமையும் வேண்டாம்.

தொட்டியில் என்னென்ன இருக்க வேண்டும்?

* உடல் முழுதும் காயும்படி ஏறி உட்கார மேடை.

* யூவிபி விளக்கு. இந்தக் கதிர் கிடைக்காவிட்டால் கால்சியம் சேராமல் ஓடு மெத்தென்று ஆகிவிடும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் இதற்கு உதவாது, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

* தொட்டியைப் போல இரு மடங்கு தண்ணீரைத் தாங்கும் ஃபில்டர். மீனைவிட ஆமை அதிகம் அசுத்தம் செய்யும்.

* 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள தண்ணீர். சென்னையில் ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது, ஊட்டியில் தேவைப்படும்.

* ஆமைக்கான பெல்லட் உணவு. காய்ந்த இறாலை மட்டுமே தினமும் போட்டால் சத்துக் குறைபாடு வரும், கண் இமை வீங்கும்.

கலர் மீனோடு ஒரே தொட்டியில் விட்டால், கொஞ்ச நாளில் மீன்களின் எண்ணிக்கை குறையத் தொடங்கும். காரணம் சொல்லத் தேவையில்லை!

குழந்தைகள் இருக்கும் வீடா?

ஆரோக்கியமாகத் தெரியும் ஆமையின் உடலிலும் சால்மோனெல்லா பாக்டீரியா இருக்கலாம். குழந்தைகளுக்கு இது பரவியதால்தான், ஓடு 4 இன்ச்சுக்குக் குறைவாக உள்ள ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்க அமெரிக்கா 1975-லேயே தடை விதித்தது. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், முதியவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் உள்ள வீட்டில் ஆமையைத் தவிர்ப்பதே நல்லது. தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டித் தண்ணீரைச் சமையலறை சிங்க்கில் ஊற்றக் கூடாது.

வளர்க்க முடியவில்லை என்றால் குளத்தில் விடலாமா?

புண்ணியம் என்று நினைத்துப் பலர் செய்யும் பெரிய தவறு இதுதான். சிவப்புக் காது ஆமை, உலகின் மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் இருக்கிறது. உணவுக்கும் வெயில் காயும் இடத்துக்கும் நாட்டு ஆமைகளோடு போட்டி போடும். நோயையும் பரப்பலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2016-ல் இதன் விற்பனையைக் கட்டுப்படுத்தியது. கௌஹாத்தியில் உள்ள உக்ரதாரா கோயில் குளத்தில் இது காணப்பட்டது. கேரளாவில், இதை வளர்ப்பவர்கள் வெளியில் விடாமல் தங்களிடம் ஒப்படைக்கும்படி திருச்சூர் அருகே உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் கேட்டுக்கொண்டது. வளர்க்க முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்கள், அல்லது வனத்துறையிடம் கேளுங்கள். ஏரி, குளம், கிணறு எதிலும் விடாதீர்கள்.

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. இது என்ன இனம்?

2. முழுதாக வளர்ந்தால் எத்தனை இன்ச்?

3. பில்லும் ஆவணமும் உண்டா?

4. இன்னும் 20, 30 வருஷம் இதை யார் பார்த்துக்கொள்வார்கள்?

முதல் மூன்றுக்கும் கடைக்காரர் பதில் சொல்லலாம். நான்காவதுக்கு வீட்டில் இருப்பவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா உயிரியல் பூங்காவில் ஒரு சாதாரண மஸ்க் ஆமை 54 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்திருக்கிறது. பத்து வயதுப் பிள்ளை அடம்பிடித்து வாங்கும் ஆமை, அந்தப் பிள்ளை வேலைக்குப் போய், கல்யாணம் ஆன பிறகும் அதே தொட்டியில் இருக்கும். அதற்குத் தயார் என்றால் வாங்கலாம். இல்லையென்றால் கலர் மீனே போதும்.