நம்ம ஊர்க் கணக்கை யார் கேட்கிறது?



சங்கரன்கோவில்னு சொன்னா உங்கள்ல பலருக்கு முதல்ல ஞாபகம் வர்றது ஆடித்தபசு. அடுத்து புற்றுமண். ஊர்க்காரங்களுக்குக் கூடவே விசைத்தறிச் சத்தமும் ஞாபகம் வரும். இன்னைக்கு நாம பேசப்போறது அந்த ஊரோட நகராட்சி அலுவலகத்தைப் பத்தி. அங்கிருந்து கிளம்பி ஆயிரம் வருஷம் பின்னாடி போயிட்டு வருவோம்.

2025 ஜூலையில சங்கரன்கோவில் நகராட்சித் தலைவர் மேல நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறி, அவர் பதவி இழந்தார். அவர் ஆளுங்கட்சிக்காரர். எதிர்த்து ஓட்டுப் போட்டவங்கள்ல அவங்க கட்சிக் கவுன்சிலர்களும் இருந்தாங்க. டிவியில ரெண்டு நாள் ஓடுச்சு. யார் யாரோட சேர்ந்தாங்க, அடுத்து யாருன்னு விவாதம் நடந்துச்சு. அதுல யார் சரி, யார் தப்புங்கிறது இந்த எபிசோடோட வேலை இல்ல. எனக்குள்ள வந்த கேள்வி வேற. ஒரு தலைவரை இறக்க நம்ம சட்டத்துல தெளிவான வழி இருக்கு. ஆனா ஒரு தெருவுக்குத் தண்ணி ஏன் வரல, போட்ட சாக்கடை ஏன் ஒரே மழையில நிரம்புது, அந்த முடிவை யார் எப்போ எதை வச்சு எடுத்தாங்கன்னு உட்கார்ந்து விசாரிச்சு, எழுதி, ஊருக்குச் சொல்ற வழி இருக்கா?

இதுக்கு ஆங்கிலத்துல 'ஸ்க்ரூட்டினி'ன்னு பேரு. நம்ம பக்கத்துல அதுக்கு ரொம்பப் பழைய பேர் ஒண்ணு இருக்கு: கணக்குக் கேட்கிறது.

உத்திரமேரூர்: நாம பாதி மட்டும் படிச்ச கல்வெட்டு

ஸ்கூல்ல எல்லாரும் குடவோலை படிச்சிருப்போம். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர். முதலாம் பராந்தக சோழன் காலத்துல, கி.பி. 919-லயும் 921-லயும் வெட்டின ரெண்டு கல்வெட்டு. ஊரை 30 குடும்பாப் பிரிச்சாங்க. குடும்புங்கிறதை இப்போதைக்கு வார்டுன்னு வச்சுக்கோங்க. சங்கரன்கோவில் நகராட்சிக்கும் 30 வார்டுதான், அது வெறும் தற்செயல். பேர் எழுதின ஓலையைக் குடத்துல போட்டுக் குலுக்கி, ஒரு சின்னப் பையனை எடுக்கச் சொன்னாங்க. இதுவரைக்கும் பாடப்புத்தகம்.

எனக்குச் சுவாரசியமாப் படுறது யாரெல்லாம் நிக்கக் கூடாதுங்கிற பட்டியல். ஏற்கனவே வாரியத்துல இருந்து, கணக்குக் காட்டாமப் போனவர் நிக்க முடியாது. அவர் மட்டுமில்ல. அவரோட அப்பா, பிள்ளை, மாமனார், மருமகன், மச்சான், சித்தி பையன், பெரியம்மா பையன், அத்தை பையன், சகோதரி பையன்னு பட்டியல் நீண்டுக்கிட்டே போகுது. நீ போயிட்டு உன் மச்சானை உட்கார வைக்கிற வேலை இங்க நடக்காதுன்னு கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. ஒரு தடவை இருந்தவர் அடுத்த மூணு வருஷத்துக்கு வரவும் முடியாது. வாரியத்தோட ஆயுள் 360 நாள். நடுவுல தப்பு பண்ணது தெரிஞ்சா உடனே நீக்கம்.

ஊர்க் கணக்கு எழுதுறவருக்கும் விதி இருக்கு. பெருங்குறி மக்கள்கிட்ட கணக்கை ஒப்படைச்சு, அவர் சுத்தமானவர்னு அவங்க ஏத்துக்கணும். அது வரைக்கும் அதே வேலைக்கு அவரை மறுபடி எடுக்க முடியாது. தான் எழுதின கணக்கைத் தானே காட்டணும், வேற ஆள் வந்து முடிச்சு வைக்கக் கூடாது. ஓலையை வாங்கிப் படிக்கிறவர் விரல்களை விரிச்சு உள்ளங்கையில வாங்கணும்னு கூட எழுதியிருக்கு. கைக்குள்ள வேற ஓலை ஒளிச்சு வச்சிருக்கக் கூடாதுல்ல!

ஆனா இதைப் பொற்காலமாக் கொண்டாடறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். அது பிராமணக் குடியிருப்போட சபை. சொந்த நிலம், சொந்த வீடு, வேத அறிவு உள்ள, 35-லிருந்து 70 வயசுக்குள்ள இருக்கிற ஆண்களுக்கு மட்டுமே இடம். பெண்கள் இல்ல. நிலத்துல உழைச்சவங்க இல்ல. ஊர்ல பெரும்பாலானவங்க அந்தக் குடத்துக்குள்ளயே இல்ல. அதனால அங்கிருந்து நான் எடுத்துக்கிறது ஒரே ஒரு யோசனையைத்தான்: பதவிக்கு வர்றதுக்கு ஒரு விதி வேணும்னா, பதவியில செஞ்சதைக் காட்டுறதுக்கும் ஒரு விதி வேணும்.

ரிப்பன் சொன்னதும், நடந்ததும்

ஒரே தாவா 19-ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். சென்னையில இருக்கறவங்க தினமும் ரிப்பன் மாளிகையைத் தாண்டிப் போவீங்க. அந்த ரிப்பன் பிரபு வைஸ்ராயா இருந்தப்போ, 1882 மே மாசம் உள்ளாட்சி பத்தி ஒரு தீர்மானம் வெளியிட்டார். அதோட சாரம் கொஞ்சம் ஆச்சரியமானது. நிர்வாகம் மேம்படும்ங்கிறதை விட, மக்கள் அரசியல் பழகுவாங்கங்கிறதுதான் அவருக்கு முக்கியக் காரணம். 1884-ல சென்னை மாகாணத்துக்கு மாவட்ட நகராட்சிகள் சட்டம் வந்தது. 1920-ல அதுக்குப் பதிலா புதுச் சட்டம். அந்த 1920 சட்டம்தான் 2023 ஏப்ரல் வரைக்கும் நம்ம நகராட்சிகளை ஆண்டது. கேட்டுப் பாருங்க: 100 வருஷத்துக்கும் மேல!

இந்தக் காலத்துல கணக்குக் கேட்கிற திசை மாறிடுச்சு. உத்திரமேரூர்ல கணக்கு சபைக்குள்ள காட்டப்பட்டது. காலனி ஆட்சியில கணக்கு மேல போச்சு. நகராட்சி கலெக்டருக்குப் பதில் சொல்லணும், கலெக்டர் அரசாங்கத்துக்கு. செலவைப் பார்க்க அரசாங்கத்தோட தணிக்கை. இன்னைக்கும் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை அந்த வேலையைச் செய்யுது. அது தேவையான வேலை. ஆனா தணிக்கை பார்க்கிறது ரசீதை. டெண்டர் விதி பின்பற்றப்பட்டதா, பில் சரியா, கையெழுத்து இருக்கா. எல்லாம் சரியா இருந்தும் குழாய்ல காத்து மட்டும் வரலாம். அந்தக் காத்துக்குத் தணிக்கைப் படிவத்துல இடம் இல்ல.

ரசீதைப் பார்க்கிறது தணிக்கை. சேவையையும் அதுக்குப் பின்னாடி இருக்கிற முடிவையும் பார்க்கிறது ஆய்வு. நம்ம ஊர்கள்ல முதலாவதுக்கு ஒரு துறையே இருக்கு. இரண்டாவது தனிப்பட்ட கவுன்சிலரோட குரல் வளத்தைப் பொறுத்தது.

கிராமமும் இல்ல, மாநகரமும் இல்ல

1993-ல பெரிய திருப்பம். 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஏப்ரல்ல அமலுக்கு வந்தது, 74-ஆவது ஜூன்ல. முதலாவது கிராமங்களுக்கு. அதுல கிராம சபை அரசியல் சட்ட அந்தஸ்து பெற்றது, வாக்காளர் பட்டியல்ல இருக்கிற எல்லாரும் அதுல உறுப்பினர். இரண்டாவது நகரங்களுக்கு. அதுல கிராம சபை மாதிரி ஒண்ணு கிடையாது. வார்டு குழுக்கள் அமைக்கணும்னு 243எஸ் பிரிவு சொல்லுது. எங்கே? 3 லட்சம் பேரோ அதுக்கு மேலயோ இருக்கிற நகரங்கள்ல.

2011 கணக்கெடுப்புல சங்கரன்கோவில் மக்கள்தொகை சுமார் 57 ஆயிரம். கிராமமா இருந்திருந்தா கிராம சபை. பெரிய நகரமா இருந்திருந்தா வார்டு குழு. நடுவுல இருக்கிற ஊருக்கு அரசியல் சட்டம் எதையும் கட்டாயமாக்கல. பக்கத்துக் கிராமத்துல இருக்கிற ஒரு அக்கா, மைக்கைப் பிடிச்சு ஊராட்சித் தலைவர்கிட்ட வரவு செலவு கேட்கலாம். டவுனுக்குள்ள கல்யாணமாகிப் போன அவங்க தங்கச்சிக்கு அந்த மேடை இல்ல. நம்மள்ல நிறையப் பேர் இப்படிப்பட்ட ஊர்கள்ல இருந்துதான் சென்னைக்கும் பெங்களூருக்கும் வந்திருக்கோம்.

இதே காலத்துல ராஜஸ்தான்ல ஒண்ணு நடந்தது. அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் இவங்க இருந்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், 1994 டிசம்பர்ல கோட் கிரானாங்கிற கிராமத்துல முதல் 'ஜன் சுன்வாய்' நடத்தினாங்க. பொது விசாரணைன்னு சொல்லலாம். அரசாங்க வேலைக்கான வருகைப் பட்டியலையும் பில்லையும் ஊர் நடுவுல சத்தமாப் படிச்சாங்க, அவ்வளவுதான். காகிதத்துல இருந்த பேரும் எதிர்ல உட்கார்ந்திருந்த ஆளும் பொருந்துதான்னு ஊரே பார்த்துச்சு. அந்தப் பாதைதான் 2005 தகவல் உரிமைச் சட்டத்துல போய் முடிஞ்சது. (தமிழ்நாடு 1997-லயே மாநில அளவுல ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்டிருந்தது. விதிவிலக்கு ஏகப்பட்டது, அது வேற கதை.) அதே 2005-ல வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தோட 17-ஆவது பிரிவு, வேலைகளைக் கிராம சபையே சமூகத் தணிக்கை செய்யணும்னு சொன்னது. ஆனா கவனிச்சீங்களா? அதுவும் கிராமத்துக்குத்தான்.

குழு இருந்தா மட்டும் போதுமா?

இங்கிலாந்துல 2000-ஆம் வருஷத்து உள்ளாட்சிச் சட்டம், முடிவெடுக்கிற சின்ன அமைச்சரவையையும் அதை ஆராயற கவுன்சிலர்களையும் தனித்தனியாப் பிரிச்சது. ஆராயற குழு அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கலாம், பொதுமக்கள்கிட்ட சாட்சியம் வாங்கலாம். எடுத்த முடிவு அமலாகறதுக்குள்ள அதை நிறுத்தி வச்சு, திரும்ப யோசிங்கன்னு அனுப்பலாம். முடிவை ரத்து பண்ற அதிகாரம் மட்டும் கிடையாது. அறிக்கை எழுதலாம், பரிந்துரைக்கலாம்.

கேட்க அழகா இருக்கு. ஆனா ஸ்டாஃபர்ட் மருத்துவமனையில நோயாளிகள் வருஷக்கணக்கா மோசமா நடத்தப்பட்ட விவகாரத்துல, 2013-ல வந்த ஃபிரான்சிஸ் விசாரணை அறிக்கை உள்ளூர் ஆய்வுக் குழுக்களையும் விமர்சிச்சது. குழு இருந்தது, கூட்டம் நடந்தது. கேட்க வேண்டிய கேள்வி அழுத்தமாக் கேட்கப்படல. அதனால பேருக்கு ஒரு குழு போட்டுட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்க முடியாது. வெளியில இருந்து தகவலோட வர்ற மக்கள் இல்லாம எந்தக் குழுவும் தூங்கிடும்.

இப்போ நம்ம கையில என்ன இருக்கு?

2016 அக்டோபர்ல தமிழ்நாட்டு உள்ளாட்சிப் பிரதிநிதிகளோட பதவிக்காலம் முடிஞ்சது. நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில. நடுவுல அஞ்சு வருஷத்துக்கும் மேல தனி அலுவலர்கள் ஆட்சி. அந்தச் சமயத்துல கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர் கூட இல்ல. 18 வயசுல முதல் ஓட்டுக்குக் காத்திருந்த ஒருத்தர், நகராட்சிக்கு ஓட்டுப் போடறப்போ 23 வயசு.

தேர்தலுக்கு அப்புறம், வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகள் 2022-ல வந்தது. வார்டைச் சில பகுதிகளாப் பிரிச்சு, அந்தப் பகுதி வாக்காளர்கள் கூடுறது பகுதி சபை. கவுன்சிலர் தலைமையில வார்டு குழு. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்னைக்குப் பகுதி சபைகள் கூடினப்போ, முதல்வர் ஸ்டாலின் தாம்பரம் மாநகராட்சி பம்மல்ல கலந்துக்கிட்டார். நகரத்துக்குக் கிராம சபை இல்லைங்கிற குறையை அடைக்கிற முயற்சி இது. இதுல ஒரு சிக்கலும் தெரியுது எனக்கு. யாரோட வேலையை ஆராயணுமோ அவரே நாற்காலியில இருக்கார். அதனால கூட்டத்துக்கு வர்றவங்க கையில காகிதம் இருக்கணும்.

அந்தக் காகிதத்துக்கு வழி இருக்கு. தகவல் உரிமைச் சட்டத்துல மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். பலருக்குத் தெரியாதது என்னன்னா, அந்தச் சட்டத்தோட 2(ஜே) பிரிவு ஆவண நகலோட நிக்கல. நடக்கிற வேலையை நேர்ல பார்வையிடவும், பயன்படுத்தின பொருளோட சான்றளிக்கப்பட்ட மாதிரியை வாங்கவும் உரிமை தருது. சாக்கடைக்குப் போட்ட கான்கிரீட்டும் அதுல அடக்கம்.

ஒரு தெருவை எடுத்துக்கோங்க. ஒரு வேலை. எவ்வளவுக்கு ஒப்பந்தம், யார் அளந்தாங்க, எப்போ முடிஞ்சதுன்னு எழுதியிருக்கு, இப்போ எப்படி இருக்கு? நாலு கேள்வி. பதிலை அடுத்த பகுதி சபையில சத்தமாப் படிங்க. யாரையும் திட்ட வேண்டாம், படிச்சா போதும்.

ஆடித்தபசுக்கு லட்சக்கணக்குல ஜனம் வந்து போகும். அதுக்கப்புறம் மிச்ச நாள் முழுக்க அந்த ஊர்ல தண்ணி பிடிக்கிறது, குப்பை கொட்டறது, பிள்ளையைத் தூக்கிக்கிட்டுச் சாக்கடையைத் தாண்டறது அங்கயே இருக்கிற ஜனங்கதான். தலைவர் யாருங்கிறதை அவங்களோட கவுன்சிலர்கள் ஓட்டுப் போட்டு மாத்திக்குவாங்க. ஆனா அந்தச் சாக்கடையோட கணக்கு, யாராவது கேட்கிற வரைக்கும் ஃபைலுக்குள்ளயே இருக்கும்.

உங்க ஊர்ல பகுதி சபை நடந்துதான்னு வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க. நடந்திருந்தா என்ன பேசினாங்கன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.